கூலியும் குருதியும்

ஒருவர் மற்றொருவரைக் கூலிக்கு அமர்த்துகிறார். மாலையானதும் பேசிய கூலியைக் குறைவின்றிக் கொடுத்துவிடுகிறார். அவ்வளவில் அவருடைய கடமை முடிந்துவிட்டதா? பார்வைக்கு இது எளிய வினாதான். எனினும் ஆழ்ந்து நோக்குவார்க்கு எளிதில் விடை தராத வினா.

உழைத்தவனின் வியர்வை உலருமுன் அவனது கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என நம் பெருமானார் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருப்பதை நாம் அனைவரும் அறிவோம். ஜும்ஆ மேடைகளிலும் மீலாது விழாக்களிலும் அதனை அடிக்கடி எடுத்துரைக்கவும் செய்கிறோம். ஆயின் உழைப்பவன் உடலிலிருந்து வெளிப்படுவது வியர்வை மட்டுமன்று. சில தொழில்களில் அவனுடைய குருதியும் வெளிப்படுகிறது. பிறர் குருதி அவனுடைய உடலுள் புகுந்தும் விடுகிறது. வியர்வைக்குக் கூலி கொடுத்தோம். குருதிக்கு யார் பொறுப்பு?

எத்தகைய தொழில்கள் இவை என எண்ணிப் பார்ப்போம். ஊசி போடும் செவிலியர், இரத்தம் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தார், பிரசவ அறையைக் கழுவிவிடும் ஊழியர், தெருக் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர், சவரத் தொழிலாளர், சுன்னத் செய்து வந்த ஒஸ்தாமார், ஹிஜாமா செய்வோர், மையித்தைக் குளிப்பாட்டுவோர். புதுக்கோட்டை மாவட்டத்தில் நமது குளத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களை எடுத்துக்கொண்டாலும் இவர்களில் சிலரேனும் இல்லாத ஊர் இல்லை. இவர்கள் கையால் நன்மை பெறாத குடும்பமும் இல்லை.

இவர்களை அச்சுறுத்தும் நோய்களுள் தலையாயவை மூன்று: எச்.ஐ.வி., ஹெப்படைடிஸ்-பி, ஹெப்படைடிஸ்-சி. நோயுற்றவரின் இரத்தம் தோய்ந்த ஊசி ஒருவரைக் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 300-இல் 1 என்பர். ஹெப்படைடிஸ்-சி தொற்றும் வாய்ப்பு 100-இல் 2-க்கும் குறைவே. ஹெப்படைடிஸ்-பி அவ்வாறன்று, தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவருக்கு அது 100-இல் 6 முதல் 30 வரை. உலர்ந்த இரத்தத்திலும் அக்கிருமி 7 நாட்கள் வரை உயிர்த்திருக்கும். கல்லீரலைப் பல ஆண்டுகள் ஓசையின்றி அரித்து, இறுதியில் ஈரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடியது அது.

மக்கள் பெரிதும் அஞ்சுவது எச்.ஐ.வி.க்கு. ஊசிக்குத்தில் எளிதில் தொற்றுவதோ ஹெப்படைடிஸ்-பி. அதற்குத்தான் உறுதியான தடுப்பூசியும் இருக்கிறது. முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என 3 தவணைகள், அவ்வளவே. 1997-இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் அத்தடுப்பூசியை உள்நாட்டிலேயே தயாரித்தபின் அதன் விலையும் எளியோர்க்கு எட்டும் அளவுக்கு இறங்கிற்று. தடுக்க முடியாத தீங்கு நேருமாயின் அதனைக் கத்ரு என்று பொறுத்துக்கொள்ளலாம். தடுக்கும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதனைக் கைக்கொள்ளாமல் விட்டுவிட்டுப் பின்னர் கத்ரின் மீது பழி சுமத்துவது தவக்குல் ஆகாது; அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதேயாகும்.

இனி நமது மூல வினாவுக்கு வருவோம். பிக்ஹு நூல்களில் இஜாரா என்றொரு பாடம் உண்டு. வாடகைக்கும் கூலிக்கும் உரிய சட்டங்களை அது விளக்குகிறது. அங்கே நம் முன்னோரான அறிஞர்கள் ஒரு நுட்பத்தைக் காட்டியிருக்கின்றனர். விற்பனையில் பொருளே கைமாறுகிறது; இஜாராவில் பொருள் கைமாறுவதில்லை, அதன் பயன் மட்டுமே கைமாறுகிறது. வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அதில் குடியிருக்கலாம். சுவரை இடிக்க அவருக்கு உரிமை இல்லை. அவ்வாறே ஒரு மனிதரைக் கூலிக்கு அமர்த்தியவர் அவரது உழைப்பின் பயனைப் பெறுகிறாரேயன்றி அவரது உடலை வாங்கிவிடுவதில்லை. காலையில் நலமாக வந்தவரை மாலையில் நலமாகத் திருப்பி அனுப்பும் கடமை அவருக்கு உண்டு. அவ்வுடல் அவரிடம் ஓர் அமானத்து.

இதனினும் தெளிவான சட்டம் ஒன்றுண்டு. ஒருவர் ஒரு குறிப்பிட்ட அளவு சுமைக்கெனச் சுமைமாட்டை வாடகைக்கு எடுக்கிறார். பேசிய அளவுக்கு மேல் ஏற்றுகிறார். அது விழுந்து மடிந்துவிட்டால் அவர் ளமான், அதாவது ஈட்டுப் பொறுப்பு, ஏற்கவேண்டும். வாடகை கொடுத்துவிட்டேன் என்று அவர் வாதிட முடியாது. வாயற்ற பிராணிக்கே இவ்வளவு கணக்கு எனில், பேசிய வேலைக்கு மேல் பேசாத ஆபத்தையும் சுமந்து திரியும் மனிதனின் கணக்கு எவ்வளவு கடுமையாக இருக்கும்?

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். “அவர்தாம் ஆபத்தை அறிந்தே இவ்வேலைக்கு வந்தார், நாம் வற்புறுத்தவில்லையே” என்பர். இது வலுவுள்ள வாதம் போலவே தோன்றும். ஆனால் அறிந்தே வந்தார் என்பது மெய்தானா என்று பார்க்கவேண்டும்.

1986-ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். எச்.ஐ.வி. இந்நாட்டில் இல்லை என்றே பலரும் நம்பியிருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில், அவர்தம் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா, காப்பகமொன்றில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் 80-க்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளை எடுத்தார். கையில் உறையில்லை; வேறு காப்புச் சாதனம் எதுவும் இல்லை. சேமித்து வைக்க வேறு இடமின்றி, தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே அவற்றை வைத்திருந்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது 6 மாதிரிகளில் அக்கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட வரலாறு இதுவே. அந்த மருத்துவரின் துணிவைப் போற்றுகிறோம். ஆனால் அவரேனும் தாம் எதைத் தேடுகிறோம் என்பதை அறிந்திருந்தார். கையை நீட்டிய பெண்களுக்கோ, தம் இரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்பதே தெரியாது. இருதரப்பாரும் ஒப்புக்கொண்டனர் எனலாம். ஆனால் அறிந்தவரின் ஒப்புதலும் அறியாதவரின் ஒப்புதலும் ஒன்றாகுமா?

கண்ணுக்குத் தெரியாத நிச்சயமின்மை உள்ள கொடுக்கல் வாங்கலைக் கரர் என்று நம் சட்டம் தடுக்கிறது. கடலில் நீந்தும் மீனைப் பிடிக்குமுன் விற்பது கூடாது என்பது எதனால்? வாங்குபவர் எதை வாங்குகிறார் என்பது தெளிவில்லை என்பதனால். அவ்வாறாயின், எந்தக் குப்பைப் பையில் எந்த ஊசி கிடக்கிறது என்பதை அறியாமல் கைவிடும் தொழிலாளியின் ஒப்புதலை எப்படி முழுமையான ஒப்புதலாகக் கொள்வது? வீட்டில் உலை வைக்கவேண்டும் என்னும் நெருக்கடி அவரை அழைத்து வந்திருக்கிறது. அந்நெருக்கடியை அவரது சம்மதம் என்று எழுதிக்கொள்வது நீதியாகாது. அனைத்துக்கும் மேலாக, உயிர் அவருக்கே உரிய சொத்தன்று. இறைவன் அவரிடம் ஒப்படைத்தது. தமக்கு உரிமையில்லாததை விற்கவும் அவரால் இயலாது. வாங்கவும் நம்மால் இயலாது.

உலகம் இவ்வுண்மையைத் தாமதமாகவேனும் சட்டமாக எழுதிக்கொண்டது. 1991-இல் அமெரிக்க ஐக்கிய நாடு, பணியில் இரத்தத்தொடு பழகும் ஊழியர்க்கு ஹெப்படைடிஸ்-பி தடுப்பூசியை முதலாளியே தம் செலவில் அளிக்கவேண்டும் என விதித்தது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், அக்கழிவைக் கையாளும் ஒவ்வொருவர்க்கும் தடுப்பூசி போடவும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடற்பரிசோதனை செய்யவும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தின. ஊசிகளையும் கத்திகளையும் துளைபடாத வெண்ணிறப் பெட்டியில் இடவேண்டும் என்றன. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், பாதுகாப்புச் சாதனங்களையும் அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியையும், தொற்றுக்கு ஆளானவர்க்கு உடனடித் தடுப்பு மருந்தையும் அளிப்பது நிறுவனத்தின் கடமை என்கிறது.

அத்தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறப்பு. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை என்பர். 28 நாட்கள் உட்கொள்ளவேண்டும். குளத்தூர்ப் பகுதியில் ஒருவருக்கு ஊசி குத்திவிட்டால், 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கும் புதுக்கோட்டைக்குச் செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணமே. ஆகவே தடை சாலையில் இல்லை, அச்சத்தில் இருக்கிறது. “சொன்னால் வேலை போய்விடுமோ, ஊரார் வேறு விதமாக எண்ணுவரோ” என்று அவர் வாய் திறவாதிருக்கிறார். மருத்துவமனையைக் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் காட்டுகிறது. ஒப்பந்தக்காரரைக் கேட்டால் மருத்துவமனையைக் காட்டுகிறார். கூலியைப் பிடித்துக்கொள்ளும்போது ஆள் இருக்கிறார்; பொறுப்பை ஏற்கும்போது ஆள் இல்லை. கையுறை கொடுத்தோம் என்பதோடு அமைந்துவிடாமல், குத்துப்பட்டவர் அஞ்சாமல் வந்து சொல்லும் நிலையை உண்டாக்குவதும் முதலாளியின் கடமையே.

மருத்துவ உலகம் கண்டறிந்த மற்றொரு நெறி நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்கிறது. இன்னார்க்கு நோய் உண்டு, இன்னார்க்கு இல்லை என ஆராயாமல், எவருடைய இரத்தமாயினும் கிருமி உள்ளதாகவே கொண்டு ஒரே விதமாகக் காத்துக்கொள்ளவேண்டும் என்பதே அந்நெறி. முகத்தைப் பார்த்தோ குலத்தைப் பார்த்தோ தொழிலைப் பார்த்தோ சந்தேகிக்கும் வேலையே இதில் இல்லை. யார்மீதும் தீய எண்ணம் கொள்ளாமலேயே அனைவரிடமும் விழிப்பாக இருக்க இது வழி செய்கிறது. நமது பிக்ஹிலும் சில விலக்குகள் நீங்கலாக ஓடும் இரத்தத்தின் சட்டம் ஒன்றே. அது ஆலிமின் இரத்தமா, ஏழையின் இரத்தமா என்று பார்ப்பதில்லை. இரத்தம் நஜீஸ் என்றமையால் மனிதரும் நஜீஸ் ஆகிவிடமாட்டார். நோயுற்றவரைத் தீண்டத்தகாதவராக ஒதுக்குவோர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர்.

இது ஜனாஸா விஷயத்திலும் பொருந்தும். எய்ட்ஸ் நோயால் இறந்தவரைக் குளிப்பாட்ட அஞ்சி ஒதுங்குவோர் ஒருபுறம். கையுறை அணிந்தால் மையித்துக்கு மரியாதைக் குறைவு என எண்ணி, வெறுங்கையாலேயே செய்வோர் மறுபுறம். இரண்டும் வேண்டா. மையித்தின் மறைவிடங்களைக் கழுவும்போது கையில் துணி சுற்றிக்கொள்ளவேண்டும் என நம் சட்ட நூல்கள் முன்பே கூறியிருக்கின்றன. கைக்கு உறை இடுவதால் மையித்தின் கண்ணியம் குன்றிவிடாது என்பதற்கு அதுவே சான்று. முஹல்லாவில் குளிப்பாட்டுவோர்க்கு ஒரு பெட்டி கையுறையும், மேலங்கியும், மூன்று தவணைத் தடுப்பூசியும் ஜமாஅத்தார் செலவில் அளிப்பது பெரிய காரியமன்று. எல்லோர் வீட்டு மௌத்துக்கும் வருபவர் அவர். அவரைக் காப்பது எல்லோர் மீதும் உள்ள ஹக்கு.

இறுதியாக, நம் வீட்டு வாசலைப் பார்ப்போம். நீரிழிவு நோய் இன்று பல இல்லங்களில் குடிபுகுந்திருக்கிறது. இன்சுலின் போட்ட ஊசியையும், சர்க்கரை பார்க்க விரல் குத்திய முள்ளையும் காய்கறித் தோலோடு சேர்த்துப் பையில் கட்டி வெளியே வைத்துவிடுகிறோம். மறுநாள் காலை அந்தப் பையை அழுத்திக் கட்டும் கை நம் கையன்று. வீட்டு ஊசிகளையும் தனியே பிரித்து ஒப்படைக்கவேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. தூக்கி எறிந்த ஊசி எங்கெல்லாம் போகக்கூடும் என்பதற்கு 2009-இல் குஜராத் மாநிலத்து மோடாசாப் பகுதியே சாட்சி. அங்கே ஹெப்படைடிஸ்-பி பரவிப் பலர் மாண்டனர். ஒருமுறை பயன்பட்ட ஊசிகள் மீண்டும் பயன்படுத்தப்பட்டதும், மறுவிற்பனைக்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்ததும் அப்போது வெளிப்பட்டன.

செய்யவேண்டியவை எளியவை. ஊசியின் மூடியை மீண்டும் பொருத்த முயலாதீர்கள். அப்போது விரலில் குத்திவிடக்கூடும். தடித்த பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் ஊசிகளைச் சேர்த்து, நிறைந்ததும் இறுக மூடி, “ஊசி” என எழுதி, எடுக்க வருபவரிடம் சொல்லியே கொடுங்கள். சவரக் கடையில் நம் கண்முன்னே புதிய பிளேடு மாற்றச் சொல்லுங்கள். பழையதை அவர் பத்திரமாக இடுவதற்கும் ஒரு டப்பா வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். நமக்கு நலம் வேண்டிக் கேட்கும் நாம், அவர் நலத்தையும் கேட்கவேண்டாமா? எவருக்கேனும் குத்துப்பட்டுவிட்டால் விரலை வாயில் வைக்காமல், பிசையாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவச் செய்து, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வேலையாட்களை நம் சகோதரர்கள் என்றும், அவர்கள் சக்திக்கு மீறிய சுமையைச் சுமத்தலாகாது என்றும், சுமத்த நேர்ந்தால் நாமும் கைகொடுக்கவேண்டும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமியைவிட மீறிய சுமை வேறு எது? கூலி கொடுத்த ரசீது நம் பெட்டியில் பத்திரமாக இருக்கலாம். அந்த ரசீதில் எழுதப்படாத கணக்கு ஒன்றையும் நாம் ஒப்படைக்கவேண்டிய நாள் வரும். அதற்கு முன்பே அதனைத் தீர்த்துவிடும் நற்பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!