பெயர்ச்சியில் மாறாதது

ஒரு முக்கோணியைத் தாளின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பெயர்த்து வைத்தால் அது பழைய முக்கோணிதானா? கேத்திரகணிதம் கற்கும் மாணவன் தயங்காது ‘ஆம்’ என்பான். பக்க நீளங்களும் கோணங்களும் மாறவில்லை என்பதே அவன் காட்டும் நியாயம். சுழற்றினாலும் அவை மாறா. தெறிப்போ சற்றுச் சிக்கலானது. வலம்புரிச் சங்கை எப்படித் திருப்பினும் அது இடம்புரியாகாது. ஆயின் ஆடியிலே இடம்புரியாகவே தோன்றும். நீளங்கள் அனைத்தும் ஒத்திருந்தும் ஒன்று மற்றொன்றின் இடத்திற் பொருந்தாத இப்புதிரை 1768இல் ஜேர்மன் மெய்யியலாளர் காண்ட் ஆராய்ந்தார். அவர் கைகளையும் நத்தை ஓடுகளையும் எடுத்துக்காட்டினார். தீவகத்தார்க்குச் சங்கே போதும்.

1872இல் பீலிக்ஸ் கிளைன் வினாவையே திருத்தியமைத்தார். உருவம் மாறியதா என வாளா கேட்பதிற் பயனில்லை. எவ்வகை உருமாற்றங்களை ஏற்கிறோம், அவற்றின்கீழ் எவை மாறாது நிற்கின்றன என்றே கேட்டல் வேண்டும். பெயர்ச்சி, சுழற்சி, தெறிப்பு ஆகியவற்றை மட்டும் ஏற்றால் நீளம் நிற்கும். உருப்பெருக்கத்தையும் ஏற்றால் நீளம் அழிந்து கோணம் எஞ்சும். இவ்வாறமைந்த உருமாற்றத் தொகுதியைக் கணிதத்தார் ‘குலம்’ என்பர். ஊரவர் வழங்கும் பொருளிலன்று.

ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணைத் தீவிலுள்ளது சரவணை. 1990, 1991ஆம் ஆண்டுகளிற் போரினால் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். சரவணையும் அதற்கு விலக்கன்று. மக்களின் துயரையும் கணித வினையையும் தமிழ் ஒரே சொல்லாற் சுட்டுவது வியப்பே. ஆயினும் ஒப்புமை அச்சொல்லோடு நின்றுவிடுகிறது. கணிதப் பெயர்ச்சியில் எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே தூரம் செல்லும். தீவகத்தாருள் ஒருவர் வன்னிக்கும், ஒருவர் கொழும்புக்கும், ஒருவர் கனடாவுக்கும் சென்றனர். வேலிக்கு வேலி அயலாக இருந்தோர் கடலுக்குக் கடல் அயலாயினர். மேலும், குலத்தில் ஒவ்வோர் உருமாற்றத்துக்கும் நேர்மாறு உண்டு. செய்ததை அது முற்றாக மீட்கும். மீள்குடியேற்றம் அத்தகையதன்று. இறந்தோர்க்கு எந்நேர்மாறும் இல்லை. திரும்பிய முதியவரும் புறப்பட்ட அதே புள்ளியல்லர்.

அவ்வாறாயின் ஊரில் மாறாது நின்றது யாது? மண் என்பர் சிலர். பேச்சும் கோயிலும் உறவும் என்பர் வேறு சிலர். எஞ்சியவை யாவும் நல்லன என்று கொள்வதற்கில்லை. கிணற்றிலும் கோயில் வாயிலிலும் சாதி அளந்து வைத்த தூரங்கள் யாழ்ப்பாணச் சமூகத்தில் இருந்தன. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் எழுந்தது அவற்றை எதிர்த்தே. கடல் கடந்தும் திருமணப் பேச்சிலே அத்தூரம் தலைகாட்டுவதுண்டு. நீளம் காக்கும் உருமாற்றம் கணிதத்திற் சிறப்புடையதாகலாம். இந்நீளத்தைக் காப்பதில் என்ன சிறப்பு?

ரொறன்ரோவிற் பிறந்த ஒரு பிள்ளை சரவணையைச் சேர்ந்ததா என்னும் வினாவும் இவ்விடத்தேதான் எழுகிறது. மண்ணை மாறிலியாகக் கொள்வோர் இல்லையென்பர். உறவைக் கொள்வோர் ஆமென்பர். சாதியைக் கொள்வோரும் ஆமென்பர், வேறு காரணத்துக்காக. கணிதன் தான் ஏற்கும் உருமாற்றங்களை முதல் வரியிலேயே வெளிப்படையாக எழுதிவிடுகிறான். ஊரின் பெயரால் தீர்ப்புச் சொல்வோர் அவ்வரியை எழுதாமலே விடையைக் கூறிவிடுகின்றனர்.