மருமகனாக வந்த தெய்வம்

ஊவா மாகாணத்தில் குடிகொண்ட தெய்வங்களில் பெயர்பெற்றவர் கதிர்காமக் கந்தன். அவர் ஊவாவில் பிறந்தவர் அல்லர். தமிழர் சொல்லும் கதையானாலும் சிங்களவர் சொல்லும் கதையானாலும், அவர் வெளியிலிருந்து வந்து, வேடர் குடிப் பெண்ணைக் கைப்பிடித்து, வந்த இடத்திலேயே தங்கிவிட்டவர். கிழக்குக் கரையில் பாணமைக்குத் தெற்கே, காடும் கடலும் முட்டிக்கொள்ளும் உகந்தையில் அவர் கல்லோடத்தில் வந்து இறங்கினார் என்பது கிழக்கிலங்கை மக்களின் நம்பிக்கை. அங்கே முருகனுக்கும் கோயில் உண்டு, வள்ளியம்மனுக்கும் உண்டு. ஆடித் திருவிழாவுக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பாதயாத்திரை வருபவர்கள் அங்கே தங்கி இளைப்பாறி, பிறகு குமண, யால காடுகளுக்குள் நுழைந்து கதிர்காமம் போகிறார்கள். ஊவாவின் மடுல்சீமை, பசறை, லுணுகலைத் தேயிலைத் தோட்டத்து மக்களின் முன்னோர்களும் ஒரு கடற்கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்தவர்கள்தான். அவர்கள் இறங்கியது மன்னார்க் கரை. ஒருவர் ஒரு மண்ணுக்கு உரியவராவது பிறப்பாலா, அங்கே குடும்பம் நடத்தி வாழ்வதாலா என்ற கேள்விக்குக் கதிர்காமம் தெளிவான விடை ஒன்றை வைத்திருக்கிறது. அந்த விடையை மலையகத்துப் பக்தர்கள் கும்பிட்டுக் கடந்துவிடுகிறார்கள், அதன் முழுப் பொருளையும் எடுத்துக்கொள்வதில்லை என்பது என் எண்ணம்.

கதிர்காமத் திருவிழாவின் மையச் சடங்கைப் பாருங்கள். மகா தேவாலயத்தின் திரைக்குப் பின்னே சிலை இல்லை. பூசகரான கப்புறாளை, துணியால் மூடிய பேழை ஒன்றை எடுத்துவந்து யானைமேல் ஏற்றுகிறார். பறை முழங்க, ஆட்டக்காரர் சூழ, ஊர்வலம் தெருவின் மறுகோடியில் இருக்கும் வள்ளியம்மன் தேவாலயத்துக்குப் போகிறது. மரபுவழி வந்த ஆலத்தி அம்மாமார் விளக்கேந்தி நிற்கிறார்கள். பேழை சற்று நேரம் உள்ளே இருந்துவிட்டுத் திரும்புகிறது. திருவிழா இரவுகள்தோறும் இதுவே நடக்கும். தெய்வானையின் கோயில் மகா தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊர்வலம் அங்கே போவதில்லை. தேவசேனாபதி என்ற பெருமையும் சூரனை வென்ற வீரமும் உடையவர், அந்த ஊரில் தம் மனைவியின் வாசலுக்குப் போகும் கணவராகவே எழுந்தருளுகிறார். அவரைத் திரும்ப அழைத்துப்போக வடநாட்டிலிருந்து கல்யாணகிரி என்ற துறவி வந்தார், அழைக்க வந்தவரும் இங்கேயே தங்கிவிட்டார் என்று ஒரு கதை அங்கே வழங்குகிறது. தெய்வத்துக்கு அந்த மண்ணில் உள்ள உரிமை வள்ளியின் வழியாக வந்தது என்பதைச் சடங்கும் கதையும் சேர்ந்தே சொல்கின்றன.

இப்படி மனைவியின் ஊரில் கணவன் குடியேறுவது கண்டிய நாட்டுக்குப் பழகிய வழக்கம். கண்டியச் சட்டம் திருமணத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பெண் கணவன் வீடு போவது தீக. கணவன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது பின்ன. பின்ன முறையில் வந்த மருமகனின் நிலை உறுதியற்றது. கைத்தடி, தாழங்குடைபோல் விரியும் தலப்பத்தோலை, தீப்பந்தம் மூன்றையும் அவன் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும், எந்த நேரத்தில் போகச் சொன்னாலும் மழையென்றும் இருட்டென்றும் பாராமல் கிளம்ப வேண்டும் என்று சிங்களவரிடையே ஒரு பேச்சு உண்டு. ஆனால் அவனுடைய பிள்ளைகளின் நிலை அப்படியன்று. தாயின் குடும்பக் காணியில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்களை யாரும் வந்தவன் பிள்ளை என்று ஒதுக்க முடியாது. ஒரே தலைமுறையில் அந்நியம் தீர்ந்துவிடுகிறது. வெளியாளை உள்ளூராளாக்கும் முறையை அந்த மலைநாடு தன் சொந்தச் சட்டத்திலேயே வைத்திருந்தது.

அந்த மலைநாட்டையும் உள்ளடக்கிய இலங்கையின் பாராளுமன்றம் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் இயற்றியபோது இந்த முறை முற்றாக மறக்கப்பட்டது. நாட்டில் பிறந்திருந்தாலும் போதாது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது 18ஆம் இலக்கச் சட்டம். தாய் எங்கே பிறந்தாள் என்ற கேள்வியே அதில் எழவில்லை. வள்ளியின் பிள்ளைகள் கூட அந்தச் சட்டத்தின்முன் தேறியிருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் குடியிருப்பைக் கணக்கில் எடுத்தது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமாகாதவர் 10 ஆண்டும் மணமானவர் 7 ஆண்டும் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். குடும்பஸ்தன் விரைவில் வேரூன்றுவான் என்ற உண்மையைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்த மூன்று ஆண்டுச் சலுகையே சான்று. ஆனால் மனைவி மக்களின் வதிவையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒரே முறையில் 12 மாதத்துக்கு மேல் ஊருக்குப் போய் இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. மற்றவர்களை 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எண்ணிக்கையாகப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்ப்போம் என்று. தாய்வழியும் பிறப்புரிமைக்குப் போதும் என்பதை இலங்கைச் சட்டம் ஏற்க 2003 வரை ஆயிற்று.

புராணத்தை வைத்துக் குடியுரிமை பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் ஒரு நல்ல ஆயுதமும் இருக்கிறது. கச்சியப்பர் பாடிய கந்தபுராணத்தில் வள்ளி பிறந்து வளர்ந்தது தொண்டை நாட்டு வள்ளிமலையில். இன்றைய வேலூர்ப் பக்கம். கதிர்காமத்துக்கும் அந்த நூலின் வள்ளிக்கும் தொடர்பில்லை. இங்கே சொல்வது பின்னால் கட்டிய தலக்கதை என்பார்கள். இருக்கட்டும். கதையே கடல் கடந்து வந்து, இங்குள்ள வேடரோடு உறவு பூண்டு, சிங்களக் கப்புறாளையின் பூசையை ஏற்று, உள்ளூர்க் கதையாகிவிட்டது என்றுதான் அதற்குப் பொருள். மூலம் எங்கே என்பதால் அதன் உண்மை குறையவில்லை. மடுல்சீமை மலைவிளிம்பில் நின்று பார்த்தால் கீழே விரியும் தாழ்நிலப் பக்கம் வெல்லஸ்ஸவும் பிந்தன்னையும். வேடர் இன்றும் வாழும் தம்பானை, மடுல்சீமை இருக்கும் அதே பதுளை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்குள்ளவர்கள் கதிர்காமத் தெய்வத்தைத் தங்கள் குடியில் பெண் எடுத்த உறவினராகவே கொண்டாடுகிறார்கள். அவர்களிடம் போய் வள்ளிமலையைக் காட்டி வாதிட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

புராணம் வேண்டாம், வாழ்க்கையிலிருந்து சான்று தா என்றால் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கமிருந்து மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரைவீரனையும் கூட்டி வந்தார்கள். அவை கொண்டுவந்த தெய்வங்கள். ஆனால் தேயிலைத் தொழிற்சாலையில் கும்பிடும் ரோதைமுனி எங்கிருந்து வந்தார்? தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலையைத் தொடங்கும் நாளில், கத்தி பட்டு மேனி கிழியாதிருக்க, மலையில் ஒரு கல்லுக்குப் பொட்டிட்டுக் கும்பிடும் கவ்வாத்துச்சாமிக்கு எந்த ஊர்? தமிழ்நாட்டில் எங்கும் அவர்களுக்கு மூலஸ்தானம் கிடையாது. இயந்திரச் சக்கரத்தின் பயத்திலிருந்தும் கவ்வாத்துக் கத்தியின் கூர்மையிலிருந்தும் இந்த மலையிலேயே பிறந்தவர்கள் அவர்கள். நாளைக்கே மூட்டை கட்டப் போகிறவன் ஓர் இடத்தில் புதுத் தெய்வத்தை உண்டாக்க மாட்டான். பழைய சாமியின் படத்தைச் சுவரில் மாட்டி, ஊருக்குப் போனதும் நேர்த்தி செலுத்திக்கொள்ளலாம் என்றிருப்பான். தான் வாழும் மண்ணுக்குள்ளிருந்தே ஒரு காவலைக் கண்டெடுத்தவன், அந்த மண்ணோடு கணக்கை முடித்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டவன். பிறப்புப் பத்திரங்களைப் புரட்டிய அதிகாரிகள் எவரும் இந்தக் கல்லையும் பொட்டையும் சான்றாகக் கேட்கவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. முருகன் விரும்பி வந்தார். கூலிகள் பஞ்சத்துக்கும் கடனுக்கும் ஆள்திரட்டிய கங்காணிக்கும் கட்டுப்பட்டு வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வருகையைத் தெய்வத்தின் காதல் பயணத்தோடு ஒப்பிடுவது துயரத்துக்குப் பட்டு உடுத்துவதாகாதா? ஆகும், ஒப்பீடு வருகையைப் பற்றியதானால். நான் சொல்வது வந்தபின் வாழ்ந்த வாழ்வைப் பற்றி. கந்தபுராணத்திலும் முருகன் வந்த விதம் பெருமைப்படத் தக்கதன்று: வேடனாக வேஷம், வேங்கை மரமாக வேஷம், பிறகு கிழவனாகித் தேனும் தினைமாவும் இரந்து தண்ணீர் கேட்டது. அவரை அந்தக் குடிக்கு உரியவராக்கியது பின்னால் நடந்த மணம். தோட்டத்தில் ஒரு கல்யாணம் முடிந்தபின் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் மடுல்சீமைக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, அதாவது அறை, ஒன்று. மாமன் மாமியும் கொழுந்தன்மாரும் அதற்குள்ளேயே. குறுக்கே ஒரு சேலையைக் கட்டினால் புதுக்குடித்தனம். முன்திண்ணையான இஸ்தோப்பை அடைத்து அடுப்பு, சுவரில் ஆணியடித்துச் சாமிப்படம், லயத்துக்கு முன்னால் கையகல இடத்தில் நாலு கத்தரி, ஒரு வாழை. வேலைப் பதிவேடான செக்ரோலில் பெயர் ஏறுகிறது, காலை ஆளெடுப்பான பெரட்டுக்குப் போகிறாள், கொழுந்துக் கூடை அவள் நெற்றிக்கும் பழகுகிறது. அவள் அந்தத் தோட்டத்தில் பிறக்கவில்லை. ஆனாலும் முதல் பிள்ளை பிறந்தபின் அவளை அசலூர்க்காரி என்று சொல்ல யாருக்கும் நா எழாது. அவள் கண்மூடினால் அந்தத் தோட்டமே வேலைக்குப் போகாமல் நிற்கும். தோட்டத் தமிழ்க் குடும்பங்களில் தாய்மார் பலரும் இப்படி வந்து உரியவர்களானவர்களே. வாழ்வால் வரும் உரிமையை ஒவ்வொரு கல்யாணத்திலும் நாம் ஏற்கிறோம். ஓர் இனத்துக்கு வரும்போது மட்டும் பூட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

ஊவாவின் சிங்கள விவசாயி இதைக் கேட்டால் அவனிடமும் ஒரு கேள்வி இருக்கும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1817, 1818இல் ஊவா வெல்லஸ்ஸ கிளர்ந்தெழுந்தபோது ஆங்கிலேயர் வயலையும் வீட்டையும் கொளுத்தி அந்த நாட்டைப் பாழாக்கினார்கள். 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாகக் கொண்டது. அவற்றில் பல கோப்பித் தோட்டங்களாயின. வாழ்ந்தவனுக்கு உரிமை என்றால், அவன் சேனை வெட்டி வாழ்ந்த நிலத்தில் லயம் கட்டி வாழ்ந்தவனுக்கு உரிமை பேசுவது எப்படி? வள்ளியின் கதையில் இதற்கும் விடை உண்டு. முருகன் தினைப்புனத்தைப் பறிக்கவில்லை. பசி என்று சொல்லி அதன் வாசலில் நின்றார். வள்ளியோடு ஓடிப்போனபின் துரத்தி வந்த வேடர் விழுந்துபட்டபோது அவர்களை எழுப்பி, வள்ளியின் தந்தை நம்பிராஜனின் சிற்றூருக்கே திரும்பிப் போய், அவர் கையால் பெண்ணைப் பெற்றார். குடிகளின் சம்மதம் இல்லாமல் அந்த உரிமை முழுமை பெறவில்லை. பத்திரத்தோடு வந்து காட்டை அளந்த துரைக்கும், அந்தக் காட்டில் கூலிக்கு வந்து மலேரியாவில் கிடந்தவனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். துரை ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். கூலிக்கு நிலத்தில் ஒரு முழம்கூடச் சொந்தமில்லை. பறித்தவர்களின் பட்டியலில் அவன் பெயர் இல்லை. நிலம் இழந்த விவசாயியும் நிலம் இல்லாத தொழிலாளியும் ஒரே கொள்ளையின் இரண்டு பக்கங்கள். ஒருவனுக்குத் திருப்பித் தர மறுப்பதால் மற்றவனுக்கு நீதி கிடைத்துவிடாது. அரசு தன் படையைக் காவலுக்கு நிறுத்தி, இருப்பவர்களைக் கிளப்பிவிட்டு நடத்தும் குடியேற்றத்துக்கும் இந்த வாதம் உதவாது. நம்பிராஜனைத் துரத்திவிட்டு நடந்த கல்யாணம் கதிர்காமக் கல்யாணம் ஆகாது.

உயிருக்கு ஊர் ஏது, உடம்பே வாடகை வீடு, ஆன்மிகம் பேசுகிறவர் காணி பேசலாமா என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பற்றறுக்கச் சொல்லலாம், பற்றுவதற்கு ஏதாவது உள்ளவனிடம். சைவம் தன் இறைவனைத் தலந்தோறும் ஓர் ஊர்க்காரராகவே நிறுத்திப் பாடிய சமயம். முருகனைத் துறவியாகப் பழனியில் கும்பிட்டதோடு நில்லாமல் கணவனாகக் கதிர்காமத்திலும் கும்பிடுகிறது. குடித்தனத்தை இழிந்ததாக எண்ணியிருந்தால் கந்தபுராணம் சூரசங்காரத்தோடு முடிந்திருக்கும். கச்சியப்பர் அதை வள்ளியம்மை திருமணத்தில் கொண்டுபோய் முடித்தார்.

இன்றைய நிலைக்கு வருவோம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு தோட்டங்கள் அரசுடைமை. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம். பிரஜாவுரிமைக் கணக்கு 2003இல் சட்டப்படி தீர்ந்தது. ஆனால் மடுல்சீமையில் இன்றும் லயக் காம்பிராவில் வாழும் தம்பதிக்கு அந்தக் காம்பிரா சொந்தமில்லை. பெரட்டுக்குப் போகாதவனின் இருப்பு அங்கே நிர்வாகத்தின் தயவில்தான். கைத்தடியையும் ஓலைக்குடையையும் பந்தத்தையும் வாசலில் சாத்தி வைத்திருக்கும் மருமகனின் நிலை இது. ஒரு தலைமுறையோடு முடிந்திருக்க வேண்டியது ஐந்தாம் தலைமுறைக்கும் நீள்கிறது. ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற திட்டங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்திருக்கின்றன. வீட்டுக்குச் சாவி கொடுத்துப் படம் எடுத்தபின் காணி உறுதி வருவதற்குத் தாமதமானால், அது இருப்பிடம் மாறிய லயமாகவே இருக்கும். உறுதி எழுதும்போது கணவன் பெயரை மட்டும் எழுதும் பழக்கமும் ஒழிய வேண்டும். கொழுந்து பறித்து அந்தக் குடும்பத்தைத் தாங்கியவள், வேறு தோட்டத்திலிருந்து வந்து அந்த மலையைத் தன்னுடையதாக்கியவள், பிள்ளைகளுக்கு அந்த மண்ணில் உரிமை தேடித் தந்தவள் அவள். கதிர்காமத்தில் கணவன் மனைவியின் வாசலுக்குப் போய் நிற்பதைக் கைகூப்பிப் பார்த்துவிட்டு வருபவர்கள், அரசாங்கக் கச்சேரியில் அந்தக் காணி உறுதி எழுதப்படும்போது அவள் பெயரும் அதில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.