தானாக நீண்ட கை

“கை தானாக நீண்டுவிட்டது” என்கிறோம். “வாய் தவறி வந்துவிட்டது” என்றும் சொல்கிறோம். செய்தவர் நாம் அல்லர், நம் உறுப்பே செய்துவிட்டது என்பது போன்ற பேச்சு இது. இப்பேச்சில் உண்மை எவ்வளவு, சாக்குப்போக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை எனக்கு ஒருநாள் வாய்த்தது.

சில ஆண்டுகளுக்கு முன் மாலைப் பாடத்தின்போது நடந்தது. என் முன்னே சிறு மேசைமீது கிதாபும் அதனருகே தேநீர்க் கோப்பையும் இருந்தன. பாடம் ஒப்புவிக்க வந்தமர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் முழங்கை பட்டுக் கோப்பை சாய்ந்தது. கொதிக்கும் தேநீர் என் வலக்கையில் கொட்டிற்று. கை வெடுக்கெனப் பின்வாங்கியது. பின்வாங்கிய அதே கை மறுகணம் அச்சிறுவனின் கன்னத்தில் அறைந்தது.

அன்றிரவு அவன் தந்தையாரிடம், “கை தானாக நீண்டுவிட்டது” என்றேன். அவரோ, “நீங்கள் அடிக்காமல் வேறு யார் அடிப்பது, ஹஜ்ரத்? நல்லதற்குத்தானே” என்று சொல்லிப் போய்விட்டார். அவர் பெருந்தன்மை என்னை இன்னும் வாட்டியது. ஒரே கை, ஒரே நொடிக்குள், இரண்டு செயல்களைச் செய்திருந்தது. இரண்டையும் நான் எண்ணிச் செய்யவில்லை. அங்ஙனமாயின் இரண்டும் ஒரே வகையினவா?

முதற்செயலை உடல்நூலார் அனிச்சைச் செயல் என்பர். சூடு தோலில் பட்டதும் அச்செய்தி நரம்பு வழியே தண்டுவடத்தை அடைகிறது. மூளையின் ஆணைக்குக் காத்திராமல் தண்டுவடமே தசைகளுக்குக் கட்டளை அனுப்பிவிடுகிறது. கை விலகத் தொடங்கிய பின்னரே ‘சுட்டது’ என்னும் உணர்வு மூளையில் தெளிகிறது. முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சிறு சுத்தியலால் தட்டக் கால் உதைப்பதும் இவ்வினத்தது. எர்ப், வெஸ்ட்ஃபால் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இருவர் 1875-இல் இதனைத் தனித்தனியே விளக்கி எழுதினர். தூசு அணுகுமுன் இமை மூடுவதையும், பிறந்த குழந்தை தன் உள்ளங்கையில் வைத்த விரலை இறுகப் பற்றுவதையும் யாரும் கற்பிக்கவில்லை. நம்மைக் கேளாமலே படைத்தவன் நமக்கு அமைத்துத் தந்த காவல்கள் இவை. இவற்றில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை; ஆகவே விசாரணையும் இல்லை.

இரண்டாம் செயலோ அத்தகையதன்று. சிறுவனை அறையும் ஆணை எவர் தண்டுவடத்திலும் பிறவியிலேயே எழுதப்படுவதில்லை. அது கற்றுக்கொண்டது. கற்ற பழக்கம் அனிச்சைபோல் ஆகிவிடுவதை ருஷ்ய அறிஞர் பாவ்லவ் ஆராய்ந்தார். உணவு தருமுன் ஓர் ஒலியைப் பலமுறை கேட்கச் செய்தால், பின்னர் உணவின்றி அவ்வொலியை மட்டும் கேட்டாலும் நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்று அவர் காட்டினார். என் கை இப்பாடத்தை எங்கே கற்றது? நான் ஓதிய காலத்தில் பிழைக்கு மறுமொழி பிரம்பு. பிறகு அப்பிரம்பை நானே ஏந்தினேன். பிழையையும் அடியையும் இருபது ஆண்டுகள் பிணைத்து வைத்தபின், அவ்விரண்டுக்கும் இடையே சிந்தனை நுழைய வழியில்லாமற் போயிற்று.

குணம் என்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் தரும் இலக்கணத்தை நான் எத்தனையோ முறை மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ‘குலுக்’ என்பது உள்ளத்தில் ஆழ ஊன்றிவிட்ட ஒரு நிலை; ஆலோசனையின்றி, எளிதாக, அதிலிருந்து செயல்கள் பிறக்கும் என்பது அதன் சாரம். அவர்களுக்கு முன்னரே இப்னு மிஸ்கவைஹி அவர்களும் இக்கருத்தைக் கூறியுள்ளார்கள். ஏதோ ஒரு தேவைக்காக என்றோ ஒருநாள் வாரி வழங்கியவன் கொடையாளி ஆகான். கொடுப்பது எவனுக்கு இயல்பாகிவிட்டதோ அவனே கொடையாளி. அன்றிரவுதான் இவ்விலக்கணம் என்னை நோக்கித் திரும்பியது. எண்ணாமல் செய்ததால் அது என் குணமன்று என நான் வாதிட்டிருந்தேன். எண்ணாமல் வெளிப்படுவதே உன் குணம் என்று இமாமவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதனைக் கேட்டு நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. உள்ளத்தில் ஒரு செயல் உருவாகும் படிகள் நான்கையும் அதே நூல் வகுத்துக் காட்டுகிறது. முதலில் ஓர் எண்ணம் தோன்றுகிறது. அடுத்து அதன்பால் சாய்வு எழுகிறது. மூன்றாவதாக, ‘இதைச் செய்யலாம்’ என்று உள்ளம் தீர்ப்பளிக்கிறது. நான்காவதாகச் செய்வதென்ற உறுதி பிறக்கிறது. முதலிரண்டும் மனிதனின் விருப்பத்துக்கு உட்பட்டவை அல்ல. ஆகவே அவற்றுக்குக் குற்றம் இல்லை. உள்ளத்தில் ஊசலாடுவது சொல்லாகவோ செயலாகவோ வெளிப்படாத வரை மன்னிக்கப்பட்டுவிட்டது என நபிமொழியும் ஆறுதல் அளிக்கிறது. சினம் எழுந்தது என் குற்றமன்று. ஆனால் பழகிப்போன கையில் இந்நான்கு படிகளும் ஒன்றாக மடிந்துவிடுகின்றன. அப்படி மடியும் வரை பழக்கியது என் குற்றம்.

கப்ரின் அருகே அழுதுகொண்டிருந்த பெண்மணி ஒருவரிடம் நபி (ஸல்) அவர்கள் பொறுமை காக்கச் சொன்னார்கள். சொன்னவர் யாரென அறியாத அப்பெண்மணி கடிந்து பேசிவிட்டார். பின்னர் அறிந்து, வருந்தி, இல்லம் தேடி வந்தபோது, பொறுமை என்பது முதல் அதிர்ச்சியின்போதே என்று நபியவர்கள் கூறியதாக புகாரியில் காண்கிறோம். நெடுங்காலம் இது எனக்குப் புதிராகவே இருந்தது. முதல் அதிர்ச்சியில் எண்ணுவதற்கு நேரமேது? நேரமில்லாத இடத்தில் பொறுமையை எப்படித் தேடுவது? இன்று அதனை இவ்வாறு விளங்கிக்கொள்கிறேன்: அந்த நொடியில் தேடிக் கிடைப்பதன்று பொறுமை. அமைதியான நாட்களில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தது மட்டுமே அப்போது கைகொடுக்கும்.

பெஞ்சமின் லிபெட் என்னும் அமெரிக்க அறிஞர் 1983-இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. விரும்பிய நேரத்தில் கையை அசைக்கும்படி அவர் சிலரிடம் சொன்னார். ‘அசைப்போம்’ என்ற உணர்வு அவர்களுக்குத் தோன்றுமுன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கியிருந்தது. மனிதனுக்குச் சொந்த விருப்பமே இல்லை என்பதற்கு இதைச் சான்றாக்கியவர்கள் உண்டு. அம்மின்மாற்றத்தின் பொருள் என்ன என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. லிபெட்டோ, உணர்வு தோன்றிய பின்னும் செயலுக்கு முன் ஏறத்தாழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி இருப்பதாகவும், அதற்குள் அச்செயலைத் தடுக்க மனிதனால் இயலும் என்றும் கருதினார். அவ்வளவு சிறிய வாசல்தான் நமக்குத் திறந்திருக்கிறது.

அவ்வாசலை அகலமாக்கும் வழியும் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சினம் கொண்டவர் நின்றிருந்தால் அமரட்டும். தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்னும் நபிமொழி அபூதாவூதில் உள்ளது. உள்ளத்தை உடனே அடக்கு என்று அது கேட்கவில்லை. உடலை முதலில் இடம் மாற்றச் சொல்கிறது. நான் பிரம்பை வகுப்பிலிருந்து அகற்றினேன். பிள்ளைகள் பிழை செய்யும்போதெல்லாம் இரு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, அதன் பின்னரே பேசினேன். சினம் எழாத வேளைகளிலும் அவ்வாறே செய்தேன். தொடக்கத்தில் அது நடிப்புப் போலவே இருந்தது. இப்போது பெரும்பாலும் கை தானாகக் கோத்துக்கொள்கிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும்.

அச்சிறுவனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அந்நிகழ்ச்சிக்குப் பின், கரும்பலகையில் எழுதவோ ஏடு புரட்டவோ நான் கையை உயர்த்தினால் போதும், அவன் தோள் ஒடுங்கும், கண் மூடிக்கொள்ளும். அவனும் அதை எண்ணிச் செய்யவில்லை. என் கை கற்றிருந்த பாடம் அவன் உடலில் வேறொரு பாடத்தை எழுதிவிட்டது. மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி ஹஜ்ரத்” என்று நாணத்தோடு சிரித்தான். மறுநாள் நான் கையை உயர்த்தியபோது அவன் தோள் முன்போலவே ஒடுங்கிற்று. வாய் மன்னித்துவிட்டது, அச்செய்தி தோளை எட்டவில்லை. அது எட்டுவதற்குப் பல மாதங்கள் ஆயின.

நம் இல்லங்களிலும் பிள்ளைகளின் உடல்கள் நம் கைகளையும் குரல்களையும் நாள்தோறும் ஓதிக்கொண்டிருக்கின்றன. கோப்பை கவிழும் நேரத்தில் நாம் என்ன செய்வோம் என்பது, கோப்பை கவிழாத நாட்களில் முடிவாகிறது. தன்னையறியாமல் நீளும் கையும் நன்மைக்கே நீளுமாறு பழகிக்கொள்ளும் பேற்றை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.