நான்காவது தோட்டா

போன மாதம் ஒரு சனிக்கிழமை. திருமுறை வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் தம்பி ஒருவன் கைப்பேசியை நீட்டினான். “அண்ணே, இதப் பாருங்க. காந்தி செத்தது கோட்சே சுட்டதால இல்லயாம். நாலாவதா ஒரு தோட்டா இருந்துச்சாம். அத சுட்டது வெள்ளக்காரன் ஆளாம்.”

அதே செய்தி அன்று காலையிலேயே எங்கள் குடும்பப் புலனக் குழுவில் வந்திருந்தது. அனுப்பியவர் என் சித்தப்பா. ஆகவே எனக்கு அது புதிதல்ல. ஆனால் முதல் தடவை படித்தபோது என் மனத்தில் நடந்ததை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு விநாடி மனசு லேசாச்சு. ‘அப்பாடா, நம்ம ஆள் இல்ல’ என்ற நிம்மதி. அந்த ஒரு விநாடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நடந்ததைப் பார்த்துவிடுவோம். 1948 ஜனவரி 30, மாலை ஐந்து மணி தாண்டிய நேரம். டில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் காந்தியடிகள் பிரார்த்தனைக்கு நடந்து வருகிறார். நாதுராம் கோட்சே எதிரில் வந்து கைகூப்பி வணங்குகிறார். பிறகு பெரெட்டா கைத்துப்பாக்கியால் மூன்று முறை சுடுகிறார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்த கொலை. சுட்டவர் அங்கேயே பிடிபட்டார். நீதிமன்றத்தில் ‘நான்தான் சுட்டேன்’ என்று ஒப்புக்கொண்டு, ஏன் சுட்டேன் என்று நீண்ட வாக்குமூலமும் வாசித்தார்.

இதில் மர்மம் எங்கிருந்து வந்தது? அன்றைய பத்திரிகைகள் சிலவற்றில் காயங்களின் எண்ணிக்கை மாறிப்போயிருந்தது. உடலை அறுத்துப் பரிசோதிக்கவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நான்காவது தோட்டா நுழைந்தது. அதைச் சுட்டது ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படையாக இருக்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் மனுவே போட்டார்கள். நம் நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாக் காட்டுக்குள் ஒளிந்து வேலை செய்த அதே படைதான். போர் முடிந்ததும் கலைக்கப்பட்ட படை, இரண்டு வருடம் கழித்து டில்லித் தோட்டத்தில் எப்படி முளைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. நீதிமன்றம் ஒரு மூத்த வழக்கறிஞரை அமர்த்தி ஆவணங்களைப் பார்க்கச் சொன்னது. மறுவிசாரணைக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று அவர் சொன்னார். 2018இல் மனு தள்ளுபடி ஆனது.

வேடிக்கை என்னவென்றால், காந்தி கொலையில் உண்மையிலேயே ஒரு சதி இருந்தது. அதற்கு நாலாவது தோட்டா தேவையே இல்லை. செங்கோட்டையில் நடந்த வழக்கில் எட்டுப் பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 1949 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கோட்சேக்கும் நாராயண் ஆப்தேக்கும் தூக்கு, ஐவருக்கு ஆயுள் தண்டனை. அந்த ஐவரில் இருவர் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். சாவர்க்கரை முதல் நீதிமன்றமே போதிய ஆதாரம் இல்லை என்று விடுவித்தது. பிற்பாடு, 1969இல் அறிக்கை கொடுத்த கபூர் ஆணையம் அவர் பங்கைப் பற்றிக் கடுமையாகவே எழுதியது. இன்றுவரை அதைப் பற்றி வாதம் நடக்கிறது. நடக்கட்டும். அது சாட்சியத்தையும் ஆவணத்தையும் முன்னால் வைத்துச் செய்கிற வாதம். சந்தேகப்படுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை.

என் இரத்தம் கொதித்தது வேறோர் இடத்தில். ஜனவரி 20ஆம் தேதியே அதே தோட்டத்தில் ஒரு குண்டு வெடித்தது. வைத்த மதன்லால் பாவா அங்கேயே பிடிபட்டான். புனேயில் பத்திரிகை நடத்தும் ஓர் ஆசிரியரும் கூட்டாளி என்று போலீசிடம் சொன்னான். பம்பாயில் அவனைத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் மாகாண உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் நேரில் போய், இவன் முன்பே என்னிடம் இப்படிப் பேசினான் என்று சொன்னார். ஆக டில்லியிலும் பாதித் தகவல், பம்பாயிலும் பாதித் தகவல். அந்த இரண்டு பாதியும் சேர வேண்டிய வேகத்தில் சேரவில்லை. பத்து நாளில் கோட்சே குவாலியர் போய்த் துப்பாக்கி வாங்கிக்கொண்டு திரும்பியே வந்துவிட்டார். பிரார்த்தனைக்கு வருபவர்களைச் சோதனை போட காந்தியும் சம்மதிக்கவில்லை. சோம்பல், அலட்சியம், ‘அவங்க பாத்துக்குவாங்க’ என்ற நினைப்பு. இதைப் படிக்கும்போது மர்மக்கதை படிக்கும் சுகம் வராது. நம் மன்றத்தில் ஒரு வேலையைச் செயலாளர் செய்வார் என்று பொருளாளரும், பொருளாளர் செய்வார் என்று செயலாளரும் விட்டுவிடுவது மாதிரிதான் இருக்கும். அதனால்தான் யாரும் அதைப் புலனத்தில் அனுப்புவதில்லை.

மறுபடி அந்த ஒரு விநாடிக்கு வருகிறேன்.

நம் நாட்டில் பல மதத்தாரோடு ஒன்றாகப் படிக்கிறோம், வேலை செய்கிறோம். வேறு மதத்தைச் சேர்ந்த ஒருவன் எங்கோ ஒரு நாட்டில் குண்டு வைத்தான் என்று செய்தி வந்தால் நம்மில் எத்தனை பேர் மாமாக் கடையில் உட்கார்ந்து, “அவங்க ஆளுங்கதானே” என்று பேசியிருக்கிறோம்? அந்த மதத்து நண்பன், “இல்லடா, இது வெளிநாட்டுக்காரன் செட் பண்ணது” என்று சொன்னால் எப்படிச் சிரித்திருக்கிறோம்? நான் சிரித்திருக்கிறேன். இப்போது அதே வார்த்தைகளை என் சித்தப்பா எழுதியிருக்கிறார். நானும் ஒரு விநாடி அதற்குள் போய் ஒளிந்துகொண்டேன். அவனுடைய சதிக்கதை சிரிப்பு, என்னுடையது மட்டும் ஆராய்ச்சியா?

அன்று மாலை டில்லியில் ‘முஸ்லிம்தான் சுட்டான்’ என்ற பேச்சு உடனே கிளம்பியது. பிரிவினைக் கலவரத்தின் இரத்தம் காயாத நேரம். அந்தப் பேச்சு ஓர் இரவு ஓடியிருந்தால் எத்தனை வீடு எரிந்திருக்குமோ. வானொலி, சுட்டவன் ஓர் இந்து என்பதைச் சேர்த்தே அறிவித்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் தம்பிகளே. அன்றைக்கு ‘நம்ம ஆள்தான்’ என்ற கசப்பான உண்மைதான் பல உயிர்களைக் காப்பாற்றியது.

ஆனால் அடுத்த நாட்களில் அந்த உண்மையையே வேறு விதமாக முறுக்கினார்கள். கோட்சே சித்பவன் பிராமணர் என்று தெரிந்ததும் மகாராஷ்டிரத்தில் பல ஊர்களில் பிராமணர் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்கள். காந்தி பெயரைச் சொல்லிக்கொண்டு! ஒருவன் செய்ததற்கு அவன் சாதியில் பிறந்த அத்தனை பேரும் குற்றவாளி என்பது ஒரு பொய். அவன் நம்மவனே இல்லை, வெள்ளைக்காரன்தான் செய்தான் என்பது இன்னொரு பொய். எனக்கு இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாகத்தான் தோன்றுகிறது. இரண்டிலுமே யாரும் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் தூக்குமேடைக்குப் போனபோது கோட்சே கையில் பகவத் கீதை இருந்தது. காந்தியும் தினம் கீதை படித்தவர், அதைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தவர். ஒருவர் அதில் பற்றில்லாத சேவையைக் கண்டார். இன்னொருவர், நிராயுதபாணியாக நடந்துவந்த 78 வயதுக் கிழவரைச் சுடுவதற்குத் துணிச்சல் தேடினார். நாம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே நூல். வெள்ளைக்காரன் சுட்டான் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கேள்வியைத் தொடவே வேண்டாம். நூலை எப்படிப் படிப்பது, கோபத்தோடு வருகிற பிள்ளைக்கு எதைச் சொல்வது என்று வகுப்பு எடுக்கிற நாம் யோசிக்கவும் வேண்டாம். அந்த ஒரு விநாடி நிம்மதிக்கு விலை இதுதான்.

நம் பெரிய புராணத்திலேயே இப்படி ஒரு கொலை இருக்கிறது. திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனார். போரில் அவரிடம் தோற்ற முத்தநாதன் உடம்பெல்லாம் திருநீறு பூசி, சுவடிக்கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு, எங்கும் கிடைக்காத ஆகமம் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி உள்ளே வருகிறான். மன்னர் அவனை மேலே உட்காரவைத்துத் தாம் கீழே அமர்ந்து வணங்கும்போது குத்துகிறான். காவலன் தத்தன் வாளை ஓங்குகிறான். விழுந்துகொண்டே மன்னர் தடுத்துச் சொன்னது: இவர் நம்மவர். ஊர் எல்லை தாண்டிப் பத்திரமாக விட்டுவா என்றும் கட்டளை.

சிறு வயதில் இந்தக் கதை கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. குத்தினவன் எப்படி நம்மவர்? திருநீற்று வேடத்துக்கு அவர் தந்த மரியாதை அது என்று ஆசிரியர் விளக்கினார். அதுதான் புராணம் சொல்லும் பொருள். இப்போது படிக்கும்போது எனக்கு இன்னொன்றும் படுகிறது. அந்த ஒரு சொல்லால் பழிவாங்கலும் நின்றது, தப்பித்தலும் நின்றது. காந்தியின் மகன்கள் மணிலாலும் ராம்தாஸும் கோட்சேயைத் தூக்கிலிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதைப் படித்தபோது தத்தன் ஞாபகம்தான் வந்தது. அரசு ஏற்கவில்லை, அது வேறு கதை.

எல்லா நம்பிக்கையையும் ஒரே தராசில் போடவும் எனக்கு மனமில்லை. எங்கள் தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியவர். நேதாஜி 1945 விமான விபத்தில் சாகவில்லை, ஒருநாள் வருவார் என்று கடைசிவரை நம்பினார். அந்த விபத்தை விசாரித்து, நேதாஜி இறந்தது உண்மை என்று சொன்ன நீதிபதி கோஸ்லா, கோட்சேயின் மேல்முறையீட்டை விசாரித்தவர்களில் ஒருவர். தாத்தாவுக்கு அவர் யாரென்றே தெரியாது, தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். அது தவறான நம்பிக்கைதான். ஆனால் பாசத்தால் வந்தது. யார்மேலும் பழி போடவில்லை.

அன்று வகுப்பில் இதையெல்லாம் பாதி சொன்னேன், பாதி சொல்ல வரவில்லை. தம்பி விடவில்லை. “அண்ணே, நம்மவர்னு சொன்னா, அவர் செஞ்சத நாம ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? இப்பவே கோட்சேக்கு மாலை போடுறவங்க இருக்காங்களே.” நல்ல கேள்வி. தத்தன் முத்தநாதனுக்கு மாலை போடவில்லை, ஊருக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை, எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டான் என்று சொன்னேன். அவன் தலையாட்டினான். முழுசாகத் திருப்திப்பட்டான் என்று சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து குடும்பக் குழுவைத் திறந்தேன். சித்தப்பா செய்திக்குக் கீழே பதினோரு கைகூப்புச் சின்னங்கள். சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தைப்பூசம் காட்டியவர். பத்து நிமிடம் தட்டித் தட்டி அழித்தேன். கடைசியில், “சித்தப்பா, மூணு தோட்டாதான். சுட்டவரும் நம்மவர்தான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன், பேசுவோம்” என்று எழுதி அனுப்பினேன்.

“வா, சாப்பிட வந்துடு” என்று பதில் வந்தது.