கேளாதவர் யார்?

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு சிறுவன் இருந்தான். பிறவியிலேயே காது கேளாதவன். அவன் தந்தை மகன்மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் அவன் கையசைத்துப் பேச முற்பட்டால் மட்டும் அந்தக் கையைப் பிடித்து மடியில் அழுத்திவிடுவார். "வாயால் சொல்லு, ராஜா. நீ நாலு பேரைப் போல் ஆக வேண்டாமா?" என்பார். குரலில் அன்பு இருந்தது. பிடியிலும் அன்புதான் இருந்தது. ஆனால் பையனின் கண்களில் நான் கண்டது நன்றி அன்று.

ஒருவனுடைய நன்மையை அவனைக் கேளாமலே தீர்மானிக்கும் உரிமையை அன்பு நமக்கு அளிக்கிறதா? இந்தக் கேள்வி அந்தத் தந்தையோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு மாநாடே கூடி அதே பிடியைப் போட்டதுண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் தெ லெப்பே என்ற பாதிரியார், காது கேளாதோருக்குக் கற்பிக்குமுன் அவர்களுடைய சைகைகளைத் தாமே கற்றார். அவற்றைக் கொண்டே பாடம் சொன்னார். அவர் கண்ட பள்ளியிலிருந்து புறப்பட்ட லோரான் கிளேர், தாமும் காது கேளாதவர். அமெரிக்கா சென்று, காலடெட் என்பவரோடு சேர்ந்து 1817-இல் ஹார்ட்பர்டில் ஒரு பள்ளி தொடங்கினார். மாணவராக இருந்தவர்கள் ஆசிரியர்களானார்கள்.

பிறகு வந்தது 1880. அந்தச் செப்டம்பரில், இத்தாலியின் மிலான் நகரில் கல்வியாளர் 164 பேர் கூடினார்கள். அவர்களில் காது கேளாதவர் ஒருவரே என்று வரலாறு குறிக்கிறது. வாய்ப்பேச்சு முறையே சிறந்தது, சைகை அதற்குக் கேடு என்று அந்தச் சபை தீர்மானித்தது. மறுத்தவர் ஒரு சிலரே. அதன்பின் பல நாட்டுப் பள்ளிகளில் சைகை குற்றமாயிற்று. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். கையசைத்த குழந்தைகளின் கைமேல் அடி விழுந்தது.

அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு எளிதாகிவிடும். பிள்ளை ஒருமுறை 'அம்மா' என்று அழைக்கக் கேட்க விரும்பும் தாயை யார் குறை சொல்வது? வாய்ப்பேச்சு முறைக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தாயும் மனைவியும் காது கேளாதவர்களே. அவருடைய அன்பை நாம் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் நேசிப்பது வேறு, மதிப்பது வேறு. நேசத்துக்கு நெஞ்சம் போதும்; மதிப்புக்கு, எதிரில் நிற்பவனுக்கும் ஓர் எண்ணம் உண்டு என்ற அடக்கம் வேண்டும்.

மிலானுக்குச் சில நாட்கள் முன்னே, அதே 1880 ஆகஸ்டில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் காது கேளாதோர் தாமே கூடித் தமக்கொரு தேசியச் சங்கம் அமைத்தார்கள். அதன் தலைவராயிருந்த ஜார்ஜ் வெடிட்ஸ், 1913-இல் திரைப்படக் கருவியின் முன் நின்று, சைகைமொழியைக் காப்பாற்றுங்கள் என்று தம் கைகளாலேயே மன்றாடினார். 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற பேராசிரியர், அது வெறும் கையாட்டம் அன்று, தனக்கென அமைப்புடைய மொழி என்று ஆராய்ந்து காட்டினார். மிலான் மாநாட்டின் வழிவந்த மாநாடு, 2010-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி, பழைய தீர்மானங்களை மறுத்து வருத்தம் தெரிவித்தது. இடையே 130 ஆண்டுகள்! எத்தனை குழந்தைப் பருவங்கள் அதற்குள் அடங்கிப் போயின!

நம் மொழியில் 'கேள்' என்பதற்குச் செவியால் உணர்வது என்றும் பொருள். வினவுவது என்றும் பொருள். மிலானில் கூடியவர்களுக்குச் செவிகள் இருந்தன. ஆனால் அவர்கள் கேட்கவில்லை.

நானும் அப்படித்தான். அந்தச் சிறுவன் எதிரில் நிற்கும்போதே, "பையன் எப்படி இருக்கிறான்?" என்று அவன் தந்தையிடம் பலமுறை விசாரித்திருக்கிறேன். அவனை ஒருநாளும் கேட்டதில்லை.