உருவம் துறந்த ஓவியமும் அருவ வழிபாடும்

எந்தப் பொருளையும் சுட்டாத ஓவியம் ஒன்றை வீட்டிலிருந்தபடியே, எவருடைய ஆணைக்கும் உட்படாமல் தீட்டிப் பார்க்கும் ஒருவர் தம் விருப்பத்துக்கு இடம் தருகிறாரா, அல்லது விருப்பத்தையே கைவிடப் பழகுகிறாரா என்னும் கேள்வி, அழகியலைச் சேர்ந்ததாகத் தோன்றினாலும் வேரில் சமயத்தைச் சேர்ந்தது. மரம், முகம், மலை என்று கண் இனங்காணக்கூடிய எதையும் காட்டாது, வண்ணமும் கோடும் பரப்புமே தானாக நிற்கும் அரூப ஓவியம் இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இயக்கமாக வளர்ந்தது. ஆயினும் உருவத்தைக் கடந்த ஒன்றை உருவுடைய மனிதர் எவ்வாறு அணுகுவது என்ற விசாரம் இராமநாதபுரக் கடலோர ஊரான பெரியபட்டினத்தைச் சூழ்ந்த கரைக்குப் புதிதன்று.

கிழக்கே இராமேசுவரத்தில் மூலவராக விளங்கும் இலிங்கத்தைச் சைவ சித்தாந்தம் அருவுருவம் என்று வகுக்கிறது. கண்ணுக்குப் புலனாகும் வடிவம் உண்டு, முகமோ கைகால்களோ இல்லை என்பது அதன் பொருள். மேற்கே கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசலில், கோயில் மண்டபத் தூண்களின் அமைப்பை ஏற்றுக்கொண்ட சிற்பிகள், தெய்வ வடிவங்களுக்கு உரிய இடங்களில் பூவையும் கொடியையும் செதுக்கினர். இராமநாதபுரத்தில் சமாதி கொண்ட தாயுமானவரும், தொண்டிப் பகுதியின் குணங்குடியில் பிறந்து 1838இல் மறைந்த சூபி ஞானி மஸ்தான் சாகிபும் சொல்லுக்கும் வடிவுக்கும் அடங்காத பரம்பொருளையே தேடினர். அதே இராமநாதபுரத்தின் இராமலிங்க விலாச அரண்மனைச் சுவர்களில் மன்னரும் தேவரும் ஓவியங்களாக நிறைந்திருப்பதை எண்ணும்போது, இக்கரை உருவத்தை வெறுத்ததில்லை, உருவத்தோடு நின்றுவிடவுமில்லை என்பது தெளிவாகிறது.

பள்ளிவாசல் சிற்பிக்கு மரபின் வரம்பு துணைநின்றது; வீட்டில் தனித்துத் தீட்டுபவருக்கோ வரம்பு ஏதுமில்லை. அத்தகைய சுதந்திரம் வெறும் மனம்போன போக்காகாமல் இருக்க முடியுமா என்பதற்கு ஓவியர் வா.சு. கைத்தொண்டேயின் வாழ்க்கை விடை தருகிறது. 1924இல் நாகபுரியில் பிறந்த அவர், 1972இல் தில்லிக்குக் குடிபெயர்ந்து, நிஜாமுதீனில் ஒரு மாடிக் குடியிருப்பில் தனித்து வாழ்ந்தபடி ஆண்டுக்கு ஐந்தாறு ஓவியங்களே தீட்டினார். ஜென் பௌத்தத்திலும் ரமண மகரிஷியின் உபதேசத்திலும் தோய்ந்த அவர், வெற்றுத் துணியின் முன் நெடுநேரம் அமர்ந்த பின்னரே கை வைப்பார். ரோலராலும் தட்டைக் கத்தியாலும் வண்ணத்தைப் பரப்புவார், சுரண்டுவார், இதழ்களிலிருந்து கிழித்த தாள் துண்டுகளைக் கொண்டு வண்ணத்தை ஒற்றியெடுப்பார். அவ்வாறு எஞ்சிய தடத்தில் ஓவியரின் எண்ணத்துக்கு இருந்த பங்கு, தாளுக்கும் எண்ணெய்க்கும் காத்திருப்புக்கும் இருந்தது. தோன்றியதையெல்லாம் செய்வது அவருக்குச் சுதந்திரமாக இருக்கவில்லை. தோன்றியவற்றில் பெரும்பகுதியைச் செய்யாது விடும் வலிமையே சுதந்திரமாக இருந்தது.

எழும் ஒவ்வோர் எண்ணத்தையும் அது யாருக்கு எழுந்தது என்று வினவித் திருப்பும் ரமணரின் ஆன்ம விசாரத்துக்கும் இம்முறைக்கும் உறவு உண்டு. எனினும் அரூப ஓவியம் தீட்டுவதே தியானம் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவதை அப்படியே ஏற்பதற்கில்லை. விசாரம் தன் முடிவில் எதையும் விட்டுவைப்பதில்லை; ஓவியமோ ஒரு பொருளை விட்டுச் செல்கிறது. வண்ணமும் அளவும் உடைய அப்பொருள், சித்தாந்த நோக்கில், அருவமாகாது. ஆகக்கூடியது அருவுருவத்தின் அருகில் நிற்பதே. பொருளாக நிற்பதால் அது விலைக்கும் உட்படுகிறது: கைத்தொண்டே மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2013இல் மும்பையில் நடந்த ஏலத்தில், அவருடைய ஓவியம் ஒன்று 23 கோடி ரூபாய்க்கும் மேல் விலைபோயிற்று. அந்த விலைக்கு அகப்பட்டது சட்டத்துக்குள் எஞ்சிய வண்ணம் மட்டுமே. சுரண்டி நீக்கியவற்றால் விளைந்த பயன், நீக்கியவர் ஒருவருக்கே உரியதாயிற்று.