கட்டிலுக்கடியில் ஒளியும் உயிர்

விருந்தினர் வாசற்படி ஏறியதும் கட்டிலுக்கடியில் ஓடி ஒளியும் பூனையை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். உடனே குனிந்து, அதன் முன்கால்களைப் பற்றி வெளியே இழுத்து, வந்தவர் மடியில் வைக்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம் என்று எண்ணுகிறோம். அந்த அன்பு யார் பொருட்டு? பூனையின் நடுக்கத்தைத் தணிக்கவா, பழகத் தெரியாத பிராணியை வளர்க்கிறோமே என்ற நம் கூச்சத்தைத் தணிக்கவா?

அச்சம் பூனையின் குணக்கேடன்று. பிறந்த இரண்டாம் வாரம் தொடங்கி ஏழாம் வாரம் வரை மனிதர் கை படாது வளர்ந்த குட்டி, பின்னாளில் மனிதரை எளிதில் ஏற்பதில்லை. 1980களில் அமெரிக்காவில் ஐலீன் கார்ஷ் நடத்திய ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. 1995இல் சான்ட்ரா மெக்கூன் வெளியிட்ட ஆய்வோ, பழகும் இயல்புள்ள கடுவனுக்குப் பிறந்த குட்டிகள் புதிய பொருளையும் துணிந்து நெருங்கின என்று காட்டியது. குட்டிகளை வளர்ப்பதில் கடுவனுக்குப் பங்கில்லை; ஆகவே அத்துணிவு தந்தையைப் பார்த்துக் கற்றதன்று. தான் தேர்ந்துகொள்ளாத பிறப்புக்காகவும், கழிந்துபோன அந்தச் சில வாரங்களுக்காகவும் ஓர் உயிரைக் கடிந்துகொள்வது நீதியாகுமா? (வெடிச் சத்தத்துக்கு நாமே காதைப் பொத்திக்கொள்கிறவர்கள்தாம்.)

எனினும், அஞ்சுகிறதென்று அப்படியே விட்டுவிடுவதும் அன்பாகாது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் உளவியலார், முயலைக் கண்டால் அலறும் மூன்று வயதுகூட நிறையாத சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் விருப்பமான உணவை உண்ணும் வேளையில் கூண்டிலிட்ட முயல் தொலைவில் வைக்கப்பட்டது. பின்னர் சிறிது சிறிதாக அருகே கொண்டுவரப்பட்டது. இறுதியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். விலங்குக்கு அஞ்சிய குழந்தைக்குக் கிட்டிய அதே வழிதான் மனிதருக்கு அஞ்சும் விலங்குக்கும் பொருந்துகிறது. வந்தவர் தொலைவில், உற்று நோக்காமல், சற்றே பக்கவாட்டில் அமரட்டும். உணவுத் தட்டு பூனையருகே இருக்கட்டும். அது உண்பதை நிறுத்தினால் நாம் மிகவும் நெருங்கிவிட்டோம் என்பதே பொருள். பின்வாங்க வேண்டியவர் நாமே. புதிதாக வாங்கிய மிக்சியைக்கூடச் சில நாள் ஓட்டாமல் தரையோரம் வைத்தால், அது வந்து முகர்ந்து, கன்னத்தை உரசிவிட்டுப் போகும். ஒளியும் இடத்தை மட்டும் அடைத்துவிடலாகாது. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுள், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை விரைவில் அமைதியடைந்தன என்று 2014இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. தப்பிச் செல்ல வழியுண்டு என்று அறிந்த உயிரே அருகில் வரத் துணிகிறது.

உணவு கொடுத்துப் பழக்குவது கையூட்டு அல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. கையூட்டு, செய்யத்தகாததைச் செய்விப்பதற்குக் கொடுக்கப்படுவது. இங்கோ பூனை எதையும் செய்ய வேண்டியதில்லை. உண்டுவிட்டு ஓடிப்போனாலும் தவறில்லை. ஆனால் அதே உணவைக் காட்டி அழைத்துச் சட்டென்று பிடித்துக்கொண்டால், அது வஞ்சகந்தான்.

கடினமான வேளையொன்று உண்டு. நோயுற்ற பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றே ஆக வேண்டும். அதன் சம்மதத்துக்குக் காத்திருக்க இயலாது. முன்பே பல வாரங்கள் கூடையைத் திறந்தபடி, பழந்துணி விரித்து வீட்டில் வைத்திருந்தால் பாதித் துன்பம் குறையும். மீதிப் பாதியில் நாம் செய்வது பலவந்தமே; அதற்கு வேறு பெயர் சூட்ட வேண்டியதில்லை. வீடு திரும்பியதும் கூடையின் கதவைத் திறந்துவைத்துவிட்டு, அது தானாக வெளிவரும்வரை அடுத்த அறையில் போய் இருப்போம்.